‘குடும்பமே நடத்தும் கடை’ என்று இனி எழுதாதீர்கள்

டிசம்பர் விடுமுறை முடிந்து ஜனவரியில் நம் ஆட்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். பாங்காக், சியாங் மாய், கிராபி, ஹாட்யாய் என்று ஊர் மாறும். கட்டுரை மாறாது. ஒரு புத்தர் கோயில், ஒரு இரவுச் சந்தை, எதிர்பாராத ஒரு மழை. அப்புறம் கண்டிப்பாக ஒரு சந்து. அந்தச் சந்தில் கூகுள் மேப்புக்கே தெரியாத ஒரு சின்னக் கடை. பிளாஸ்டிக் நாற்காலி. அம்மா அடுப்பில் நிற்கிறார், அப்பா கல்லாவில் இருக்கிறார், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாத மகள் தட்டு எடுத்து வருகிறாள், பாட்டி ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார். ‘ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தும் கடை’ என்று எழுதிவிட்டு ஒரு பெருமூச்சு. டாம் யாம் சூப்பைக் குடித்ததும் எழுத்தாளருக்குத் தன் அம்மா வைக்கும் ரசம் ஞாபகம் வரும். சுபம்.

எனக்கு அந்தச் சூப் மேல் எந்தக் கோபமும் இல்லை. ‘குடும்பம்’ என்ற சொல் மேல்தான் கோபம். அந்த ஒரு சொல்லைப் போட்டதும் எழுதுகிறவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அதுக்கு மேல் எதையும் பார்க்க வேண்டாம், யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். வாசிக்கிறவருக்கும் கண் கலங்கிவிடுகிறது. இந்தக் கலக்கத்தில் மூன்று பேர் காணாமல் போகிறார்கள்: கடை இருக்கும் இடத்தின் சொந்தக்காரர், அந்தக் குடும்பத்தைச் சேராத சமையல்காரர், சம்பளமே வாங்காமல் வேலை செய்யும் வீட்டு ஆள். ஒவ்வொருத்தராகப் பார்ப்போம்.

முதலில் இடம். சிங்கப்பூர்க்காரர்கள் நல்ல தாய் சாப்பாட்டுக்காக எல்லை தாண்ட வேண்டிய அவசியம் ரொம்ப காலம் இருந்ததில்லை. பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் இருந்தது. 1973இல் கட்டி முடித்தபோது அதன் பெயர் வோ ஹப் காம்ப்ளெக்ஸ். டிசைன் பார்ட்னர்ஷிப் என்ற உள்ளூர்க் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. 16 மாடி. கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், மேலே வீடுகள். நிக்கல் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் ராட்சதப் படிக்கட்டு மாதிரி சரிந்து நிற்கும். ஒரே கட்டடத்துக்குள் ஒரு ஊரையே வைத்துவிடலாம் என்று நம்பிய காலத்தின் கட்டடம் அது.

ஊர் வந்தது, ஆனால் அவர்கள் நினைத்த ஊர் இல்லை. 1980களில் இந்தத் தீவின் கட்டுமான வேலைகளுக்கு வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஹாட்யாய் பஸ் கோல்டன் மைல் வாசலிலிருந்துதான் கிளம்பும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவனுக்குச் சோறு வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு கவுன்டர் வேண்டும், ஊர்ப் பாட்டு கேட்க ஒரு மூலை வேண்டும். கடைகள் அப்படித்தான் வந்தன. சோம் தாம் இடிக்கும் சத்தம், மூகாட்டா புகை, மளிகைக் கடையில் மூட்டை மூட்டையாகப் பசையரிசி. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நம் ஊர்த் தொழிலாளர்கள் கூடுவது மாதிரியே அங்கே அவர்கள் கூடினார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்கு அடியில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1982க்கும் 1990க்கும் இடையில் 200க்கும் மேற்பட்ட தாய்லாந்துத் தொழிலாளர்கள் சிங்கப்பூரில் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். எல்லாரும் வேலை செய்கிற வயதுக்காரர்கள், ஆரோக்கியமானவர்கள். பிளாஸ்டிக் குழாயில் சோறு சமைத்ததால் செத்தார்கள் என்றுகூட வதந்தி கிளம்பியது. பின்னாளில் மருத்துவர்கள் இந்த வகை மரணங்களை இதயத்தின் மின்னோட்டக் கோளாறோடு தொடர்புபடுத்தினார்கள். ‘குட்டித் தாய்லாந்து’ என்று நாம் செல்லமாகக் கூப்பிட்ட இடத்தின் முதல் வாடிக்கையாளர்கள் இந்த ஆட்கள்தான். யாரும் ‘பயண அனுபவத்துக்காக’ அங்கே சாப்பிட வரவில்லை.

2006இல் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர் ஐவன் பிங் அந்தக் கட்டடத்தை ‘வெர்டிகல் ஸ்லம்’ என்றார், தேசிய அவமானம் என்றார். 2021 அக்டோபரில் அதே கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 15 வருஷத்தில் அவமானம் மரபாகிவிட்டது. 2022 மே மாதம் பெரெனியல், சினோ லேண்ட், ஃபார் ஈஸ்ட் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டு நிறுவனம் அதை 700 மில்லியன் வெள்ளிக்கு வாங்கியது. பாதுகாப்புக்குச் சலுகையாக, பக்கத்தில் புதிதாக ஒரு 30 மாடிக் கோபுரம் கட்டவும் அனுமதி. 2023 மே மாதத்துக்குள் கடைக்காரர்கள் எல்லாரும் காலி செய்தாகணும். காலி செய்தார்கள்.

இங்கே சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 10 வருஷத்துக்கு மேலான கட்டடத்தைக் கூட்டு விற்பனைக்குக் கொடுக்க, பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காடு உரிமையாளர்களின் சம்மதம் இருந்தால் போதும். வாடகைக்கு இருப்பவருக்கு அதில் ஓட்டு கிடையாது. 30 வருஷமாக அங்கே இஞ்சி அரைத்திருந்தாலும் கிடையாது. ஆக, சுவர் காப்பாற்றப்பட்டது, சுவருக்குள் எரிந்த அடுப்பு காப்பாற்றப்படவில்லை. சில கடைகள் வேறு இடம் பிடித்தன, சில மூடியே விட்டன.

மூடும் வாரத்தில் அங்கே ஒரே கூட்டம். வரிசையில் நின்று சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், ‘இந்தக் குடும்பத்தை மிஸ் பண்ணுவேன்’ என்று எழுதினார்கள். நான் வாசித்த அஞ்சலிகளில் ‘வாடகை’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. எல்லாமே பாசம். ஏதோ காலதேவன் வந்து கடையை மூடிவிட்டுப் போன மாதிரி!

கடையை மாற்றுவது என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்றேன். கட்டடங்களில் காற்றோட்டம், குழாய் வேலைகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு உணவகச் சமையலறை என்பது அடுப்புக்கு மேலே இருக்கும் புகைக்கூண்டு, அங்கிருந்து கூரைவரை போகும் தகரக் குழாய், எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டி, எரிவாயு இணைப்பு, தீயணைப்பு ஏற்பாடு, தரைக்கு அடியில் வடிகால். இவ்வளவையும் கடைக்காரர் தன் காசில் போடணும். ஒப்பந்தம் முடிந்து போகும்போது, அவரே தன் காசில் அவ்வளவையும் பிரித்தெடுத்து, இடத்தை வந்தபோது இருந்த மாதிரியே வெறுமையாக்கிக் கொடுக்கணும். ‘ரீஇன்ஸ்டேட்மென்ட்’ என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ஒரு பிரிவு இருக்கும். போட்டதும் போச்சு, பிரிப்பதற்கும் செலவு. புது இடத்தில் எல்லாம் முதலிலிருந்து. அம்மாவின் கைப்பக்குவம் தலைமுறை தலைமுறையாக வரும், சரி. தகரக் குழாய் வராதே.

இது தாய்லாந்துக்காரர்கள் கதை மட்டும் என்று தேக்கா பக்கம் இருப்பவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது 1989 ஜூலையில். கடைவீடுகளின் முகப்பு, ஜன்னல், ஓடு எல்லாவற்றுக்கும் விதிமுறை வந்தது. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் ரத்தானது. முகப்பை மாற்றக் கூடாது, வாடகையை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். இதுதான் நம் மரபுப் பாதுகாப்பின் சுருக்கம். சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947இல் தொடங்கியது. ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பெயர்களில் முத்தூஸ் கறி 1969, பனானா லீஃப் அப்போலோ 1974. இவற்றின் பெயர்கள் நமக்குத் தெரியும், ஏனென்றால் இவை நிற்கின்றன. நிற்காமல் போன கடைகளின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்? ஒரு கடை ஏன் மூன்று தலைமுறை நிற்கிறது என்று தெரியணும் என்றால் பாசத்தைப் பார்த்துப் பயனில்லை, பத்திரத்தைப் பார்க்கணும்.

2025இல் தேசிய மரபுடைமைக் கழகம் 30 வருஷத்துக்கு மேல் நடக்கும் கடைகளுக்கு மரபு வணிகம் என்ற அங்கீகாரம் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். 2024 பிப்ரவரி 1 முதல் கடை வாடகை ஒப்பந்தங்களுக்கான நடத்தை விதிகள் சட்டமாகவே ஆகிவிட்டன. அதுவும் நல்ல விஷயம். ஒப்பந்தம் நியாயமாக எழுதப்படணும் என்று அது சொல்கிறது. வாடகை எவ்வளவு என்று அது சொல்லாது. மாதக் கடைசியில் அங்கீகாரப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய் வாடகைக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது.

சரி, இடம் போனாலும் கைப்பக்குவம் அந்தக் குடும்பத்துச் சொத்துதானே, அதையாவது விடுங்களேன் என்பீர்கள். அங்கேயும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பாட் தாய் என்று நாம் உருகும் நூடுல்ஸ், பாட்டிகள் வழிவழியாகக் கைமாற்றியது இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீபுன் சொங்க்ராம் அரசாங்கம் தேசிய உணவு என்று பரப்பிவிட்டது. 2002இல் தாய்லாந்து அரசு ‘குளோபல் தாய்’ என்ற திட்டத்தையே கொண்டுவந்தது. உலகம் முழுக்கத் தாய் உணவகங்களைப் பெருக்குவது அதன் நோக்கம். ‘எலிஃபன்ட் ஜம்ப்’, ‘கூல் பேசில்’, ‘கோல்டன் லீஃப்’ என்று மூன்று விலைத் தரங்களில் மாதிரி உணவகங்களைத் திட்டமிட்டார்கள். நல்ல கடைகளுக்கு வர்த்தக அமைச்சு ‘தாய் செலக்ட்’ என்று முத்திரை குத்துகிறது. வெளிநாட்டில் நீங்கள் ‘தற்செயலாகக் கண்டுபிடித்த’ தாய் உணவகத்துக்குப் பின்னால் ஒரு அரசாங்கக் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. நம் கதையும் அப்படித்தான். மீன்தலைக் கறி தமிழர் பாரம்பரியம் என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுகிறோம். 1940களின் இறுதியில் எம். ஜே. கோமஸ் என்ற மலையாளி, மீன்தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து ஆரம்பித்தது என்பதுதான் இங்கே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அது எனக்கு இன்னும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஒரு மலையாளி, சீன நாக்கு, நம் புளிக்குழம்பு: இதைவிடச் சிங்கப்பூரான சாப்பாடு வேறு என்ன? ஆனால் இதைச் சொன்னால் ‘குடும்பக் கைப்பக்குவம்’ என்ற வாசகம் செல்லாது.

இரண்டாவது ஆளுக்கு வருவோம். அடுப்பில் நிற்பவர் யார்?

லிட்டில் இந்தியாவில் நான் அடிக்கடி சாப்பிடும் ஒரு உணவகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். கல்லாவுக்குப் பின்னால் பெரிய போட்டோ, மூன்று தலைமுறை, பட்டுப்புடவை, கோட்டு. கீழே ‘ஒரு குடும்பத்தின் கைமணம்’ என்று பொன்னெழுத்து. மன்னார்குடிப் பக்கத்து அண்ணன் ஒருத்தர் அங்கே 12 வருஷமாகச் சமைக்கிறார். ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் வெளியே வந்து நின்றவரிடம், “அண்ணே, போட்டோல நீங்க எங்க?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “அந்தப் போட்டோவ எடுத்ததே நாந்தான் தம்பி,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். இங்கே குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள ஒரு வெளிநாட்டு ஊழியருக்கு மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்கணும். ஒர்க் பர்மிட்காரருக்கு அந்தக் கேள்வியே எழாது, அவருக்கு அந்த உரிமையே இல்லை. எஸ் பாஸில் இருக்கும் சமையல்காரருக்குக் காகிதத்தில் உரிமை உண்டு, ஆனால் 6,000 வெள்ளி வாங்கும் சமையல்காரரை நான் இந்தத் தெருவில் பார்த்ததில்லை. ஒர்க் பர்மிட்காரர் ஒரு சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்துகொள்ளணும் என்றால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். பர்மிட் முடிந்து ஊருக்குப் போன பிறகும் வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து ஒர்க் பர்மிட்டில் சமையல்காரர்களை எடுக்கலாம் என்று ஆனது. ஆள் பற்றாக்குறையில் தவித்த முதலாளிகளுக்கு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கும் புரிகிறது, இல்லையென்றால் எனக்குத் தோசை கிடையாது. ஆனால் இதன் பொருளை நேராகச் சொல்லிப் பாருங்கள்: குடும்ப உணவகத்தில் சமைப்பவர், இந்த ஊரில் குடும்பம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாதவர். இவ்வளவு பெரிய முரண் கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பயணக் கட்டுரை எழுதுகிறவர் அதன் அடியில் நின்று செல்ஃபி எடுக்கிறார்.

மூன்றாவது ஆள், குடும்பத்துக்குள்ளேயே இருப்பவர். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஒருத்தியின் அம்மா தாய்லாந்துக்காரர், அப்பா உள்ளூர்ச் சீனர். இருவரும் ஒரு காப்பிக்கடையில் சின்னத் தாய் உணவுக் கடை போட்டிருந்தார்கள். நாங்கள் தேர்வுக்குப் படித்த வாரங்களில் அவள் மாலை 5 மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆர்டர் எடுக்கணும், தட்டு கழுவணும், கடையை மூடித் தரையைத் தேய்க்கணும். பிறகு வந்து தெர்மோடைனமிக்ஸ். ‘எவ்ளோ அழகா இருக்கு, ஃபேமிலியே நடத்துறீங்க’ என்று வாடிக்கையாளர்கள் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். அவள் சொன்னதை என் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “ஃபேமிலி நடத்துதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? லீவு கேக்க முடியாதுன்னு அர்த்தம். வேலைய விட்டுப் போறேன்னு சொன்னா அம்மா மூணு நாள் பேச மாட்டாங்கன்னு அர்த்தம்.”

சம்பளத்துக்கு வந்த ஆளுக்குக் குறைந்தபட்சம் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, புகார் கொடுக்க ஒரு அமைச்சு இருக்கிறது. மகளுக்கு என்ன இருக்கிறது? மருமகளுக்கு? அந்தப் பூண்டு உரிக்கும் பாட்டிக்கு? பெற்றோரின் நிலைமையும் எனக்குத் தெரியாமல் இல்லை. வாடகையும் பொருள் விலையும் போக மிச்சமிருப்பதை வைத்து இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவது மகளின் மாலைநேரம். சுருக்கமாகச் சொன்னால், வீட்டுச் சொந்தக்காரருக்குப் போகும் வாடகையில் ஒரு பகுதி அவளுடைய தூக்கத்திலிருந்து போகிறது. நமக்குக் கிடைக்கும் 7 வெள்ளி பாசில் சோற்றிலும் அந்தத் தூக்கம் கலந்திருக்கிறது. இதைப் ‘பாசம்’ என்று எழுதுவது சுலபம். அவளிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ‘ஃபேமிலி ரெஸ்டாரன்ட்’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். அங்கே ஃபேமிலி என்றால் சாப்பிட வருகிறவரின் குடும்பம். பெண்கள் குழந்தைகளோடு பயமில்லாமல் வந்து உட்காரலாம், குடிகாரர்கள் தொல்லை இருக்காது என்று ஒரு உத்தரவாதம். அதில் ஒரு நேர்மை இருந்தது. இப்போது நாம் கொண்டாடும் குடும்பம் விற்கிறவரின் குடும்பம். அவர்கள் வீட்டு உறவையும் சேர்த்துத் தட்டில் வைத்துக் கொடுக்கணும் என்று எதிர்பார்க்கிறோம். பில்லில் மட்டும் அதற்குக் காசு கிடையாது.

எனக்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். முதல் பதில்: ‘ஜாலியா ஒரு பயணக் கட்டுரை எழுதினா அதுலயும் அரசியலா? சாப்பாட்டையாவது விட்டு வைங்க.’ இதைத் தமிழ் வாசகர் ஒருவர் சொல்லும்போதுதான் எனக்கு ஆச்சரியம். நம்முடைய நவீன அரசியலே பந்தியில் தொடங்கியது. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்துச் சோறு போட்டது தமிழகத்தையே இரண்டாக்கியது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் நாள் தவறாமல் மறியல் செய்து சிறை போனார்கள். யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது நமக்குப் புதுப் பழக்கம் இல்லை. பலகையில் இருக்கும் ஒரு சொல் எத்தனை பேரை மறைக்கும் என்று கண்டுபிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். விமானம் ஏறியதும் அது எப்படி மறந்துபோகிறது?

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. ‘பெரிய நிறுவனங்களின் சங்கிலிக் கடைகளை விடக் குடும்பக் கடை எவ்வளவோ மேல். நீ அதையும் திட்டினா, கடைசியில எல்லா மாலிலும் ஒரே டாம் யாம்தான் கிடைக்கும்.’ இதில் உண்மை இருக்கிறது. சின்னக் கடையில்தான் சம்பளம் வராத மாதம் கடன் சொல்லிச் சாப்பிட முடியும். சின்னக் கடையில்தான் சமையல்காரருக்குத் தன் ஊர்ச் சமையலைப் போட்டுப் பார்க்கும் துணிச்சல் வரும். ஞாயிற்றுக்கிழமை தனியாக இருக்கும் ஒரு மனிதனின் பெயர் அங்கேதான் யாருக்காவது தெரிந்திருக்கும். இதெல்லாம் நடக்கணும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். அதனால்தான் சொல்றேன்: அந்தக் கடையைக் காப்பாற்றுவது பாசமான கட்டுரைகள் இல்லை. கோல்டன் மைலைப் பற்றி எழுதப்பட்ட அவ்வளவு காதல் கட்டுரைகளும் ஒரு கடையின் ஒரு மாத வாடகையைக்கூடக் குறைக்கவில்லை. ‘குடும்பம் இருக்கு, அவங்க பாத்துப்பாங்க’ என்ற எண்ணத்தை அவை நமக்கு ஊட்டின. குடும்பம் பார்த்துக்கொண்டே இருக்கும், மகள் தூங்காமல் இருக்கும்வரை.

மூன்றாவது பதில்: ‘சாப்பிடப் போற இடத்துல போய் உங்க வாடகை எவ்வளவு, சம்பளம் குடுக்குறீங்களான்னு கேக்க முடியுமா?’ முடியும். நாகரிகமாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். எனக்கும் ஹாட்யாயில் ஒரு கடை உண்டு. ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், ஒரு குடும்பத்தின் கடை. மூன்று தடவை போயிருக்கிறேன். அங்கே கிடைக்கும் மஞ்சள் போட்ட கோழிச் சோறும் புளிப்பான மீன் குழம்பும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தென் தாய்லாந்துச் சமையலின் காரம் நம் நாக்குக்குச் சரியாக உட்கார்ந்துவிடும். மூன்றாவது தடவை, மொழிபெயர்க்கும் செயலியைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையாளர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். இடம் அவர் மாமியார் பெயரில் இருக்கிறது, அதனால்தான் தாக்குப்பிடிக்கிறோம் என்றார். மீன் குழம்பு வைப்பது யார் என்று கேட்டேன். பின்பக்கம் கைகாட்டினார். மியன்மாரிலிருந்து வந்த ஒரு பெண். ஆறு வருஷமாக இருக்கிறாளாம். “அவ கை என் கையை விட நல்லாருக்கு,” என்று அந்த அக்கா சொன்னதாகச் செயலி காட்டியது. அந்தப் பெண் எட்டிப் பார்த்துக் கை கூப்பிவிட்டு மறுபடி அடுப்புக்குப் போய்விட்டாள். சாப்பாட்டின் ருசி இதனால் குறைந்துவிடவில்லை. தென் தாய்லாந்துக் குழம்பை ஒரு மியன்மார்ப் பெண் வைக்கிறாள், ஒரு சிங்கப்பூர்த் தமிழன் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறான் என்ற செய்தி, ‘குடும்பமே நடத்தும் கடை’ என்பதை விட எவ்வளவோ சுவாரசியமான செய்தி. கேட்காமல் வந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் கோரிக்கை மூன்றே வரி. கடை யார் இடத்தில் இருக்கிறது, ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். சமைப்பவர் யார், அவர் குடும்பம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டு எழுதுங்கள். கதை எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நம் சிங்கப்பூர்ச் சிறுகதைகளில் ‘தேக்கா சாப்பாட்டுக் கடை’ என்று ஒரு அட்டைப்பின்னணி வரும், இலையும் சாம்பார் வாசனையும் வரும். புகைக்கூண்டுக்குக் கீழே நிற்கும் மனிதனுக்கு ஒரு பெயர் வருவது அபூர்வம்.

இப்படி எழுதினால் கட்டுரை கொஞ்சம் நீளும். லைக் கொஞ்சம் குறையலாம். டாம் யாம் சூப்பில் அம்மாவின் ரசம் தெரியும் வரியை வெட்ட வேண்டி வரலாம், அது நல்லதுதான். பாட்டி தாராளமாகப் பூண்டு உரிக்கட்டும். எத்தனை மணிக்கு உரிக்க உட்கார்ந்தார், எப்போது எழுந்திருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.